ஆராதனை நேரமும் அடுப்பு நேரமும்



பெஹாலாவில் வசிக்கும் சகோதரி ஒருவரின் கடிதம் இம்மாதம் நம் கைக்கு வந்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் அவருடைய தம்பி, விடுமுறைக்கு வந்தபோது ஸ்லோ குக்கர் எனப்படும் மின்சாரப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எட்டு மாதங்களாக அது பெட்டி பிரிக்கப்படாமல் பரணில் இருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் மின்சாரத்தில் கோழியை வேகவைத்துவிட்டுச் சபைக்குப் போகலாமா என்ற பயம் ஒருபுறம். வேலைக்குச் சோம்புகிறவளுக்குத்தான் இப்படிப்பட்ட பாத்திரம் தேவை என்று மாமியார் சொன்ன சொல் மறுபுறம். பிள்ளைகளோ ஞாயிறுதோறும் கடைப் பாஸ்தா வேண்டும் என்று அடம்பிடிக்கின்றனர். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: தேவசெய்தி பாதியில் இருக்கும்போதே சமையலுக்காக எழுந்து போய்விடுவதால், இவ்வாண்டில் கர்த்தருடைய பந்தியில் தாம் இரண்டு முறைதான் பங்குபெற்றதாக. நம்மை இப்பகுதியை எழுதவைத்தது அந்த வரியே.

ஏனெனில் அது அவர் ஒருவரின் நிலை அன்று. கல்கத்தாவில் தமிழ் ஆராதனை நடைபெறும் எந்தச் சபையிலும், பகல் 12 மணியளவில் பெண்கள் பகுதியின் பின்வரிசையைத் திரும்பிப் பாருங்கள். வேதாகமத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு சத்தமின்றி எழுந்து போகிறவர்கள் யார்? ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த வாலிபர் இருவரை அன்று மதியம் சாப்பிட அழைத்திருப்பார் கணவர். அழைத்தவர் கடைசி ஆமென் வரைக்கும் அமர்ந்திருப்பார். சமைக்க வேண்டியவர் பேருந்தில் நின்றுகொண்டிருப்பார். விருந்தோம்பலின் புண்ணியம் ஒருவருக்கும் புகை மற்றொருவருக்கும் என்றாகிவிடுகிறது.

ஆகவே முதலில் மாமியார் அம்மாவின் கேள்விக்கு வருவோம். அவர் பெரியவர், அவருடைய தலைமுறை விறகடுப்பில் ஊதி ஊதிக் கண் சிவந்த தலைமுறை. ஆனால் கவனிக்க ஆளின்றித் தானாக வேகும் உணவு சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு அன்று. அதன் வேர் தேவனுடைய ஜனங்களின் ஓய்வுநாளில் இருக்கிறது.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் மன்னாவைக் குறித்துச் சொல்லும்போது, சுடவேண்டியதையும் வேவிக்கவேண்டியதையும் முந்தின நாளிலேயே முடித்துவிடும்படி மோசே ஜனங்களுக்குக் கட்டளையிடுகிறார். 35ஆம் அதிகாரம் ஓய்வுநாளில் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்டுவதையே விலக்குகிறது. அப்படியானால் ஓய்வுநாளில் சூடான உணவுக்கு என்ன வழி? வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் அடுப்பிலிருந்து இறக்கிய பானையை, சூடு போகாதபடி பொதிந்து வைத்தார்கள். எதில் பொதியலாம், எதில் பொதியலாகாது என்று யூத ரபீக்களின் மிஷ்னா ஒரு பட்டியலே தருகிறது. துணி, தானியம், புறா இறகு ஆகியவை அனுமதிக்கப்பட்டவற்றில் உண்டு. பிற்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் மாமிசம், அவரை வகைகள், பார்லி ஆகியவற்றைப் பானையில் இட்டு, வெள்ளி மாலையில் ஊர் ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பில் கொண்டுபோய் வைப்பது வழக்கம். அடுப்பு இரவெல்லாம் ஆறிக்கொண்டே வரும். அந்த ஆறுகிற சூட்டிலேயே பானை வெந்து, மறுநாள் ஜெப ஆலயத்திலிருந்து திரும்பும் குடும்பத்திற்கு ஆயத்தமாக இருக்கும். அவ்வுணவுக்குச் சோலெண்ட் என்று பெயர்.

லித்துவேனியாவின் வில்னா நகரில் தம் தாய் செய்த இந்தச் சோலெண்ட்டைப் பற்றி ஒரு பெண் அமெரிக்காவில் தம் மகனுக்குச் சொல்லியிருந்தார். அந்த மகன்தான் இர்விங் நாக்ஸன். மண்பானையைச் சுற்றி மின்கம்பியை வைத்து, ஆறுகிற அடுப்பின் மந்தமான சூட்டை மின்சாரத்தால் உண்டாக்கும் கருவிக்கு அவர் 1940இல் காப்புரிமை பெற்றார். பின்னர் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் கிராக்-பாட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிய காலம் அது. காலையில் வைத்துவிட்டு மாலையில் எடுக்கலாம் என்பதால் வீடுதோறும் பரவிற்று. பெஹாலாச் சகோதரியின் பரணில் இருப்பது அதன் பேரப்பிள்ளைதான். நாம் ஓய்வுநாள் நியாயப்பிரமாணத்தின் கீழ் இல்லை, ஞாயிறு யூதரின் ஓய்வுநாளும் அன்று. ஆயினும் ஆராதனைக்குப் போகிறவள் அடுப்புக்கு அடிமையாயிராதபடி பானையை முன்கூட்டியே ஆயத்தம் செய்த அந்தத் தாய்மாரைச் சோம்பேறிகள் என்று யார் சொல்லக்கூடும்?

இவ்வளவு தூரம் வில்னாவுக்குப் போகவும் வேண்டியதில்லை. நாம் பிழைக்க வந்திருக்கும் இதே கல்கத்தாவில், அமெரிக்கக் காப்புரிமைக்கு முப்பது ஆண்டுகள் முன்பே, 1910இல், இந்துமாதவ் மல்லிக் என்ற வங்காளி இப்படியொரு பாத்திரத்தை உண்டாக்கினார். தத்துவம், இயற்பியல், சட்டம், மருத்துவம் என்று பல துறைகளில் கற்றவர், மருத்துவராயிருந்தவர், சீனாவுக்குப் பயணம் செய்து அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவர். அவருடைய பாத்திரத்திற்கு இக்மிக் குக்கர் என்று பெயர். ஆங்கிலத்தில் சுகாதாரத்தையும் சிக்கனத்தையும் குறிக்கும் ஹைஜீனிக், எகனாமிக் என்ற இரு சொற்களின் வால்களை ஒட்டி வைத்த பெயர் என்பர்.

அதன் அமைப்பை நம்மவர் ஒரு நொடியில் புரிந்துகொள்ளலாம். நம் அடுக்குத் தூக்குப் பாத்திரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கீழடுக்கிலிருந்து மேலடுக்குவரை அரிசி, பருப்பு, காய்கறி, இறைச்சி என்று தனித்தனியாக நிரப்பி, அந்த அடுக்கை உயரமான உருளைப் பாத்திரத்தினுள் இறக்கி, அடியில் சிறிது நீர் விட்டு மூடிவிட வேண்டும். உருளைக்குக் கீழே சிறிய கரித்தட்டு. கரியைப் பற்றவைத்தபின் அருகில் நிற்க வேண்டாம். நீர் ஆவியாகி அடுக்குகளைச் சூழ்ந்து மெதுவாக வேகவைக்கும். கரி எரிந்து முடிந்ததும் நெருப்புத் தானே அணைந்துவிடும். அடிபிடிக்கவோ பொங்கி வழியவோ இடமில்லை. உணவு மட்டும் உள்ளே சூடாகவே காத்திருக்கும்.

இதை அதிகம் பயன்படுத்தியவர் யார் தெரியுமா? நம்மைப்போல் ஊரைவிட்டு வந்தவர்களே. வங்காளத்தின் கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்து, மெஸ்-பாடி என்று அழைக்கப்படும் விடுதிகளில் தங்கிய தனியாட்கள், காலையில் அடுக்கை நிரப்பிக் கரியை மூட்டிவிட்டுக் குளித்து முடித்து வருவதற்குள் சோறும் குழம்பும் ஆயத்தமாகிவிடும். பயணம் போகிறவர்கள் கையோடு எடுத்துச் சென்றதும் உண்டு. 1959க்குப் பின் பிரஷர் குக்கர் நம் நாட்டுச் சமையலறைகளில் குடியேறிய காலத்தில் இக்மிக் மெல்ல மறைந்துபோயிற்று. சீட்டியடிக்கும் பாத்திரம் வேகமானதுதான். ஆனால் அதற்குக் காவல் தேவை. அடுப்பில் பிரஷர் குக்கரை வைத்துவிட்டு ஆராதனைக்குப் போக ஒருவராலும் கூடாது. வேகத்தை வாங்கினோம், விடுதலையை விற்றோம் என்பது நம் எண்ணம்.

இனிச் சமையலுக்கு வருவோம். பாஸ்தா என்றதும் அந்நியமாக எண்ண வேண்டாம். கோதுமை மாவில் செய்த சேமியாவின் தடித்த உறவினர்தான். வாங்கும்போது பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். டியூரம் கோதுமை ரவையில் செய்ததாக இருந்தால் வெந்தபின்னும் உருக்குலையாது. மைதாவில் செய்த மலிவுச் சரக்கு சீக்கிரத்தில் கொழகொழத்துவிடும். இவ்வகைச் சமையலுக்குப் பேனா முள்போல் வெட்டிய பென்னே அல்லது வளைந்த மக்ரோனி ஏற்றது. மெல்லிய நூல்வகை வேண்டாம்.

கோழியைச் சனிக்கிழமை மாலையிலேயே வாங்கிவிடுங்கள். ஞாயிறு காலையில் இந்நகரத்து இறைச்சிக் கடைகளில் நிற்கும் வரிசை நாம் அறிந்ததே. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: கடையில் கோட்டா என்றால் முழு உயிர்க்கோழியின் எடைக்கு விலை, காட்டா என்றால் வெட்டிச் சுத்தம் செய்த இறைச்சியின் எடைக்கு விலை. ஒரு கிலோ உயிர்க்கோழியில் ஏறத்தாழ 650 முதல் 700 கிராம் இறைச்சியே கிடைக்கும். இது தெரியாமல் இரண்டு கடைகளின் விலையை ஒப்பிட்டு, ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரோடு வழக்காடிய நம் சகோதரர்கள் உண்டு. நமக்கு வேண்டியது எலும்பு நீக்கிய தொடைக்கறி. நெஞ்சுக்கறி நீண்ட நேரம் வெந்தால் சக்கைபோல் உலர்ந்துவிடும். தொடையோ வேக வேக மென்மையாகும்.

ஐந்து பேருக்கு முக்கால் கிலோ தொடைக்கறி, 250 கிராம் பாஸ்தா, நன்கு பழுத்த தக்காளி அரைக் கிலோ, பெரிய வெங்காயம் இரண்டு, குடைமிளகாய் ஒன்று, பூண்டு எட்டுப் பல், சிறு துண்டு இஞ்சி. மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி. நீண்ட நேரச் சூட்டில் கிராம்பு, பட்டை போன்றவற்றின் வாசனை எல்லை மீறி எழும். ஆகையால் அவற்றில் கை அடங்கியிருக்கட்டும். ஒரு சிட்டிகை சோம்பும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சேர்த்தால் இத்தாலியர் முகம் சுளிக்கலாம். நம் பிள்ளைகள் தட்டை வழித்து உண்பார்கள்.

வெங்காயம் நறுக்குவது, பூண்டு உரிப்பது, கறியைச் சுத்தம் செய்து துண்டாக்குவது ஆகிய யாவும் சனிக்கிழமை இரவின் வேலை. இவ்விடத்தில் சகோதரர்களுக்கு ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. யோவான் 21ஆம் அதிகாரத்தில், இராமுழுவதும் வலைவீசிக் களைத்துக் கரையேறிய சீஷர்கள் கண்டது என்ன? கரிநெருப்பும், அதின்மேல் மீனும், அப்பமும். உயிர்த்தெழுந்த ஆண்டவர் தாமே காலை உணவை ஆயத்தம் செய்து அவர்களைச் சாப்பிட அழைத்தார். அப்படியிருக்க, இரண்டு வெங்காயம் நறுக்கினால் ஆண்மகனின் கனம் குறைந்துவிடும் என்று எண்ணுகிறவர் தம்மை யாரிலும் பெரியவராக எண்ணுகிறார் என்று யோசித்துக்கொள்ளட்டும். கோழியைக் குழாய்க்கு நேரே பிடித்து வேகமாக அலசாதீர்கள். தெறிக்கும் நீர் கிருமிகளைச் சுற்றிலும் பரப்பும். நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, கறியை மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். பனிக்கட்டியாய் உறைந்த கோழியை ஸ்லோ குக்கரில் இடவே கூடாது. அதன் சூடு மந்தமாக ஏறுவதால், கோழி நெடுநேரம் கிருமிகள் பெருகும் இளஞ்சூட்டிலேயே கிடக்கும்.

ஞாயிறு காலை 7 மணிக்கு, சாதாரண அடுப்பில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயம், இஞ்சி, பூண்டு ஆகியவற்றை வதக்குங்கள். தக்காளியையும் தூள்களையும் உப்பையும் சேர்த்து, ஒரு தம்ளர் நீர் விட்டு நன்றாகக் கொதிக்கவிடுங்கள். கோழித் துண்டுகளை ஸ்லோ குக்கரின் பீங்கான் பானையில் பரப்பி, கொதிக்கும் இக்குழம்பை மேலே ஊற்றி மூடிவிடுங்கள். பீங்கான் பானை குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கலாகாது; சில்லென்ற பானையில் கொதிநீர் பட்டால் விரிசல் விழும். குழம்பைச் சூடாக ஊற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரம்பச் சூடு கிடைத்துவிட்டால் கோழி அபாயமான இளஞ்சூட்டை விரைவில் கடந்துவிடும். 7.30க்கு ஹை என்ற நிலையில் வைத்து, நீங்கள் புடவை உடுத்திப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும்வரை ஓடட்டும். 8.15க்குப் புறப்படும்போது லோ என்ற நிலைக்கு மாற்றிவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

பயம் என்று எழுதிய சகோதரிக்கு: இப்பாத்திரம் அப்படி ஆளின்றி வேகுவதற்கென்றே செய்யப்பட்டது. பெரும்பாலும் 150 முதல் 250 வாட் வரைதான் இழுக்கும். ஐந்து மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம். துணி தேய்க்கும் பெட்டியின் வலுவில் கால்பங்குகூட இராது. ஆயினும் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். அருகில் திரைச்சீலையோ செய்தித்தாளோ வேண்டாம். தளர்ந்த பிளக்கும் பல கருவிகள் தொங்கும் நீட்டிப்பு வயரும் கூடாது. வாடகை வீட்டின் பழைய மின்கம்பிகளைப் பற்றிச் சந்தேகமிருந்தால், முதன்முறை நீங்கள் வீட்டிலிருக்கும் ஒரு நாளில் வைத்துப் பாருங்கள். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

மின்வெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சித்திரை, வைகாசியில் கால்பைசாகிப் புயல் வீசும் நாளில் இந்நகரில் மின்சாரம் போவது புதிதன்று. பெரும்பாலும் மாலையில் வரும் புயல் என்பதால் நம் வேளைக்கு அவ்வளவு ஆபத்தில்லை. ஆனாலும், வீடு திரும்பும்போது கடிகாரம் எண் மின்னிக்கொண்டிருந்து, மின்சாரம் எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாவிட்டால், பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். சில நிமிடங்கள் என்றால் கவலையில்லை. மூடிய பானை சூட்டைக் காத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் போயிருந்து, பானையும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது என்றால், எவ்வளவு மனம் நொந்தாலும் அந்தக் கோழியைக் கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறு. சில கிருமிகள் விட்டுச்சென்ற நஞ்சு கொதித்தாலும் போகாது.

பகல் 1 மணிக்கு வீடு திரும்பும்போது வாசற்படியிலேயே மணம் எதிர்கொள்ளும். ஒரு பெரிய துண்டை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல், வடியும் சாறு தெளிவாக இருக்கவேண்டும். உணவு வெப்பமானி உள்ளவர்களுக்குக் கணக்கு எளிது. துண்டின் நடுவில் 74 பாகை செல்சியஸ். பின்பு மறுபடியும் ஹை நிலையில் வைத்து, பாஸ்தாவையும் குடைமிளகாயையும் போட்டு, இரண்டு தம்ளர் கொதிநீர் ஊற்றி, பாஸ்தா முழுவதும் நனையும்படி அழுத்திவிட்டு மூடுங்கள். கால் மணி கழித்து ஒருமுறை கிளறுங்கள். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அரை மணிக்குள் வெந்துவிடும். கடைசியில் அரைத் தம்ளர் பாலாடை அல்லது கெட்டிப் பால், விருப்பமானால் துருவிய சீஸ் சிறிது. பாலைக் காலையிலேயே ஊற்றினால் தக்காளிப் புளிப்பிலும் நெடுநேரச் சூட்டிலும் திரிந்துவிடும். பாஸ்தாவையும் காலையிலேயே போட்டுவிடலாமே என்று கேட்கும் சகோதரிகள் உண்டு. போடலாம்; நீங்கள் உண்ணப்போவது களியாக இருக்கும்.

அந்த அரை மணி நேரம் வீணன்று. விருந்தினர் தண்ணீர் குடித்து இளைப்பாறுவார்கள், பிள்ளைகள் உடை மாற்றுவார்கள். அம்மா உட்காரலாம். பெரும்பாலான தமிழ் வீடுகளில் ஞாயிறு மதியத்தில் யாரும் காணாத காட்சி அது.

இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை நம்மவர்களுக்கு அதிகம். நம் சமையல் கிளறும் சமையல். பார்க்காமல் விடுவது மனதிற்குப் பிடிக்காது. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் போன சூடு திரும்பக் கால் மணி முதல் அரை மணி வரை ஆகலாம். இதே நகரத்தின் மட்டியாபுருஸில், 1856இல் அரசு பறிக்கப்பட்டு வந்து சேர்ந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் சமையற்காரர்கள், பிரியாணிப் பானையின் மூடியை மாவால் ஒட்டியே மூடிவிடுவார்கள். தம் என்பது அதுதான். கல்கத்தாப் பிரியாணி உருளைக்கிழங்கோடு இன்றும் அந்த முறையில் வருகிறது. மாவு பூசிய பானையை எட்டிப் பார்க்க யாருக்கும் கை நீளாது. கண்ணாடி மூடிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மின்சாரப் பாத்திரம் வாங்க வசதியில்லாத குடும்பங்கள் நம் சபைகளில் அதிகம் என்பதை மறக்கவில்லை. கேரளத்தில் சாஸ்திர சாகித்திய பரிஷத் இயக்கத்தார் பரப்பிய சூடாறாப்பெட்டி என்ற ஒன்று உண்டு. சூடு கடத்தாத பொருளால் உட்புறம் சூழப்பட்ட பெட்டி அது. சில நிமிடங்கள் கொதித்த அரிசிப் பானையை அடுப்பிலிருந்து எடுத்து உள்ளே வைத்து மூடினால், மேற்கொண்டு எரிபொருளின்றிச் சோறு வெந்துவிடும். மிஷ்னாவின் துணியும் இறகும்தான், வேறென்ன! அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய கம்பளிகளைத் திணித்து, நடுவே கனமான பாத்திரம் அமரக் குழி விட்டு, மேலே ஒரு தலையணையை வைத்து நீங்களே செய்துகொள்ளலாம். அரிசிக்கும் பருப்புக்கும் அது மிக நன்று. கோழிக்கு மட்டும் ஒரு நிபந்தனை. பெட்டியில் மின்சூடு இல்லாததால் பானை ஆறிக்கொண்டேயிருக்கும். ஆகையால் கோழியை அடுப்பிலேயே முழுவதும் வேகவைத்து, கொதிக்கக் கொதிக்க உள்ளே வையுங்கள். மூன்று மணி நேரத்திற்குள் எடுத்துவிடுங்கள். எடுத்தபின் ஒரு கொதி விட்டு, அடுப்பிலேயே பாஸ்தாவைச் சேர்த்துப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். சபை தூரமாக இருந்து நான்கைந்து மணி நேரமாகும் குடும்பங்கள் பெட்டியில் பருப்பும் சோறும் வைத்துக்கொள்வதே பத்திரம்.

இதை முயன்று பார்க்கிறவர்கள் அடுத்து ராஜ்மா செய்ய நினைப்பார்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை. ஊறவைத்த சிவப்பு ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் இடாதீர்கள். அந்தப் பயற்றில் இயல்பாகவே ஒரு நஞ்சு உண்டு. அது குமுறக் கொதிக்கும் சூட்டில்தான் அழியும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தபின் குக்கரில் சேர்க்கவேண்டும். பச்சைப் பயறு, துவரை, மைசூர்ப் பருப்பு ஆகியவற்றிற்கு இந்தப் பயம் வேண்டியதில்லை.

மீந்த பாஸ்தாவைப் பானையிலேயே வைத்து இராச் சாப்பாட்டுக்கு வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்திற்குள் அகன்ற பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். இரவில் வாணலியில் சிறிது நீர் தெளித்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள். பீங்கான் பானையின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் குழம்பைச் சுரண்டத் தேவையில்லை. பானை ஆறியபின் வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால், திங்கள் காலையில் கைவிரல் பட்டாலே வந்துவிடும்.